சாம்பிராணி குடித்த எஞ்சின்

அருணகிரி இறந்து மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டுத் திரும்பியவர்கள் கை கால் கழுவ வாசலுக்கு வந்தபோதுதான், அவருடைய காரின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை எங்கள் வீதி கவனித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதை ஓட விட்டு, ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பவர் போலக் குனிந்திருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தூக்கியவர்களுக்கும் அழுதவர்களுக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் சாவியைத் திருப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் தூங்குகிற வீதிக்கு இன்னொரு சத்தம் காதில் விழ அவ்வளவு நாள் ஆகும்.

டீக்கடை ராக்கியப்பன்தான் ஷெட்டுக்குள் போய்ச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தார்கள், நிற்கவில்லை. பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்தார்கள். காலிக் குடம் போலக் கணகணத்தது.

"ஏனுங் அம்மிணி, இது பெட்ரோல் இல்லாமயே ஓடுதுங்" என்றார் ராக்கியப்பன்.

"அவரு இருந்தப்ப பெட்ரோல் ஊத்தியும் ஓடாதுங்ண்ணா" என்றாள் அருணகிரியின் மனைவி தமயந்தி. மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. சிரிக்கலாமா என்று தெரியாமல் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்தக் கார் எங்கள் வாய்க்கால்மேட்டுக்கு லாரியில் வந்தது. கோயமுத்தூருக்கு அப்பால் ஒரு பந்தயத் திடலில் சுவரில் மோதிய கார். ஓட்டிய பையன் பிழைத்துவிட்டான், ஆனால் அவன் வீட்டார் அதைக் கண்ணால் பார்க்க விரும்பவில்லை. வெளிநாட்டுக் கார், மஞ்சள் நிறம், இடுப்புக்கு மேல் உயரமில்லை. உள்ளே உட்கார்ந்தால் வீதி நாய்களின் முகம் நம் முகத்துக்கு நேராக வரும். பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளராக இருந்த அருணகிரி எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. தடிமனான ஒரு கையேட்டையும், சந்தேகம் வந்தால் போன் செய்ய பந்தயத் திடல் மெக்கானிக் டென்சிங்கையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதன் அடியில் படுத்து, கோணிய சட்டத்தை நிமிர்த்தி, பிரேக்கைப் பிரித்துக் கோத்து, எஞ்சினை இறக்கி ஏற்றி, எல்லாவற்றையும் தன் கையாலேயே சரி செய்தார், ஒன்றைத் தவிர. ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. நின்ற இடத்தில் ஓடும்போது ஐந்து அடி அடித்து, ஆறாவது அடியை விட்டுவிடும். டக்டக்டக்டக்டக், பிறகு ஒரு வெறுமை, மறுபடி டக்டக்டக்டக்டக்.

"ஒரு தரம் பக்கத்து சீட்டுல உக்காரு தமயந்தி, பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்பார்.

"சரியாகட்டும், உக்கார்றேன்" என்பாள் அவள். "நொண்டிக் குதிரைல எல்லாம் நான் ஏற மாட்டேன்."

அவளுக்குப் பாவு பிணைக்கும் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், புதுப் பாவின் ஆயிரமாயிரம் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முடிச்சிட்டுப் பிணைக்க வேண்டும். அவள் போட்ட முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் அவிழ்ப்பதில்லை. தவறாகவே பிணைத்திருந்தாலும், பிணைத்த கைதான் வந்து அவிழ்க்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் என்றால் தறிகள் காத்திருக்கும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மின்வாரியத்து ஆள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். கருப்பராயன் கோயில் பூசாரி வந்து, திருநீறு போட்டு, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டுவிட்டு, "பேயுமில்ல பிசாசுமில்ல, இது வேலை முடியாத சத்தம்" என்றார். அதற்குப் பிறகு காரணம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. புகை இல்லை, நாற்றம் இல்லை, இளஞ்சூடு மட்டும் உண்டு. அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று ஒருத்தி பானட்டின் மேல் பாலுக்கு உறை ஊற்றி வைத்தாள், இன்னொருத்தி வடகம் காய வைத்தாள், மழை நாட்களில் பள்ளிக்கூடச் சீருடைகள் எல்லாம் அதன் மேல்தான் உலர்ந்தன, அடைக்கோழி ஒன்று பின்சக்கரத்தடியில் இடம் பிடித்தது. ஷெட்டைக் கடக்கும் ஆட்டோக்காரர்கள் ஹாரனை மெதுவாகத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் தறிகளுக்குச் சாம்பிராணி காட்டுவது எங்கள் ஊர் வழக்கம் என்பதால், தமயந்தி எஞ்சினுக்கும் காட்டினாள். முதல் வெள்ளியிலேயே அந்த அதிசயம் நடந்தது: மேலே போக வேண்டிய புகை மேலே போகாமல், வளைந்து, இழை இழையாக மெலிந்து, பாவு நூல் போல நீண்டு, எஞ்சினின் ஓர் இடுக்குக்குள் நுழைந்து மறைந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "எஞ்சின் சாம்பிராணி குடிக்குது" என்ற பேச்சு அடுத்த ஊர்கள் வரை போயிற்று. வெள்ளிதோறும் அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து நின்றார்கள். புகை உள்ளே போனதும் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு வீதி நொண்டத் தொடங்கியது.

முதலில் குழந்தைகள்தான். வாய்ப்பாடு சொல்லும்போது ஐந்தாவது வரியை முடித்து, வாயை மூடி, ஒரு கணம் நின்று, ஏழாவது வரிக்குத் தாவினார்கள். அடித்தாலும் ஆறாவது வரி வரவில்லை. பிறகு இட்லித் தட்டில் ஒரு குழி மாவில்லாமல் வெந்தது. ராக்கியப்பன் ஐந்து பேருக்கு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு ஆறாவது ஆளிடம் வெறும் கிளாஸை நீட்டுவார். அந்த ஆளும் அதை வாங்கி, ஊதி, உறிஞ்சி, "சக்கரை தூக்கலா இருக்குதுங்" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் தறிகளுக்கும் வந்தது. குறுக்கு நூலை இழுத்து ஓடும் நாடா ஐந்து முறை நூலோடு ஓடும், ஆறாம் முறை நூலில்லாமல் ஓடும்; நெய்த துணி முழுக்க மெல்லிய கோடு விழுந்தது. வியாபாரிகள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் ஒரு வியாபாரி அதையே வேட்டியாக வெட்டி, காற்றோட்டமான வேட்டி என்று சொல்லி, வெயில் கொளுத்தும் ஊர்களில் விற்றுக் காட்டியதும், வீதி அந்தக் கோட்டையும் ஏற்றுக்கொண்டது. யாரும் தமயந்தியிடம் போய், அதை நிறுத்து என்று சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் அழுகிறவளிடம் அழுகையை நிறுத்தச் சொல்ல எப்படி வாய் வராதோ, அப்படி இதற்கும் வாய் வரவில்லை.

தமயந்தி ஷெட்டின் சுவரோரம் தலை வைத்துப் படுத்தாள். அத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற சத்தம் என்று அவள் திட்டிய சத்தம்தான். இப்போது அவள் கேட்டது அடிகளை அல்ல. ஐந்துக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவே விழுந்த அந்த வெறுமையைத்தான். அவர் பேச்சை நிறுத்தி ஏதோ யோசிப்பது போல இருக்கும் அது. ஒவ்வொரு முறையும், இப்போது பேசுவார் என்று இருக்கும்.

அடுத்த வீட்டுப் பூங்கொடிக்குத் தை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை எஞ்சின் சத்தத்தில்தான் கண் விழித்தது, எஞ்சின் சத்தத்தில்தான் பால் குடித்தது, ஐந்து வாய் குடித்து ஒரு வாய் சும்மா இருந்தது. தடுப்பூசி போட வந்த நர்ஸ் அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவள் எடுக்கவேயில்லை. கோயமுத்தூரில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஓட்டை இல்லை, அடைப்பு இல்லை, ஆனால் ஆறாவது துடிப்பு இல்லை, கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். பூங்கொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டில் தாய்வீட்டுக்குப் போனாள். சத்தம் எட்டாத அந்த ஊரிலும் துடிப்பு விட்டு விட்டுத்தான் அடித்தது. திரும்பி வந்தபோது, அழுதால் குழந்தையின் உதடு நாவல்பழம் தின்றது போல நீலமாகத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் டீக்கடையில் ராக்கியப்பன் தாழ்ந்த குரலில் சொன்னார். "சம்மட்டில ஒரு போடு போட்டா எந்த எஞ்சினும் நின்னுருமுங். அம்மிணி தறிக்குப் போன நேரம் பாத்து..."

பூங்கொடியின் கணவன் செல்வராசு கிளாஸைக் கீழே வைத்தான். "எங்க நிக்குமுங்?"

"எங்கீன்னா?"

"அடிக்கற எடத்துல நின்னா பரவால்ல. அந்த வெறும் எடத்துல நின்னுட்டா? எம் புள்ளைக்கும் அங்கயே நின்னுட்டா?"

எஞ்சின் ஓட வேண்டும், ஓடவும் கூடாது என்ற நிலையில் வீதி மாட்டிக்கொண்டது.

பூங்கொடியும் தமயந்தியிடம் எதுவும் சொல்லவில்லை. தொட்டிலை ஷெட்டுப் பக்கச் சுவரிலிருந்து அவிழ்த்து எதிர்ப்பக்கம் கட்டினாள், அவ்வளவுதான். ரசம் கொடுக்கப் போன தமயந்தி அதைப் பார்த்தாள்.

"ஏம் புள்ள, தொட்டல மாத்தீட்டியா?"

"அங்க வெய்யிலடிக்குதுங்க்கா."

அந்தச் சுவரில் சூரியன் விழுந்து யாரும் பார்த்ததில்லை. தமயந்தி கிண்ணத்தை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். அருணகிரி எஞ்சினிடம் குனிந்தது போலவே குனிந்து, காதை அந்தச் சின்ன நெஞ்சில் வைத்தாள். ஐந்து அடி. பிறகு வெறுமை. இத்தனை மாதமாகத் தனக்குத் துணையாக இருந்த அதே வெறுமைதான். ஆனால் அதில் யாரும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை, யாரும் பேசப் போவதில்லை. ஒன்றுமே இல்லாத இடம் அது. காதை எடுத்துக் குழந்தையைத் தொட்டிலில் விட்டாள்.

"ரசம் ஆறீரும், சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து டென்சிங்குக்குப் போன் செய்தாள்.

டென்சிங் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரன், பருமனான உடம்பு, பூப்பறிப்பது போல் வேலை செய்யும் விரல்கள். பெட்ரோல் இல்லாமல் ஓடும் எஞ்சினைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. "அண்ணன் ஓட வைப்பாரு, நிறுத்தத்தான் அவருக்கு மனசு வராது" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி மாட்டினான். ஒன்றைப் பிடுங்கினால் சத்தம் இன்னும் நொண்டும். அது நல்ல சிலிண்டர். இப்படி ஐந்தும் நல்லது. ஆறாவது வயரைப் பிடுங்கினான். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அண்ணன் சொன்னதேதான். ஆறாவதுதான் செத்துக் கெடக்கு. பிளக்கு புதுசு, வயரு புதுசு, வால்வைத் தேய்ச்சு உக்கார வச்சிருக்காரு. இதுக்கு மேல என்னத்தப் பாக்க?"

வெள்ளிக்கிழமை என்பதால் தமயந்தி அதற்குள் தணலில் சாம்பிராணி போட்டு எடுத்து வந்தாள். வழக்கமாக வந்து நிற்கும் கூட்டம் நின்றது. புகை எழுந்து, வளைந்து, மெலிந்து, நூலாகி, இடுக்குக்குள் போயிற்று. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

டென்சிங் போட்டுக்கொள்ளவில்லை. கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "அக்கா, இது எவ்வளவு நாளா நடக்கு?"

"மொத வெள்ளிலருந்து. குடிக்குமுங் தம்பி."

"குடிக்கக் கூடாதுக்கா." அவன் குரல் இறங்கிவிட்டது. "காத்துக்கும் பெட்ரோலுக்கும் ஒரு அளவு இருக்கு. எங்கயாவது வெடிப்பு இருந்து கள்ளக் காத்து உள்ள போனா, அந்த சிலிண்டர் மட்டும் எரியாது. பொகை போற எடந்தான் வெடிப்பு. இதத்தான் அண்ணன் வருசக்கணக்கா தேடுனாரு."

அதிசயம் என்று வீதி கும்பிட்டது கோளாறைத்தான் என்று தெரிந்ததும், கன்னத்தில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

டென்சிங் டார்ச் அடித்தான். ஆறாவது சிலிண்டருக்குக் கீழே, சுண்டு விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். அதன் நடுவில் மெழுகு பூசிய பாவு நூலால் இறுக்கிச் சுற்றிய கட்டு. புகை அந்தக் கட்டுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டி, தொடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

தமயந்திக்கு அந்தக் கட்டு தெரிந்தது. கார் வந்த புதிதில் ஒரு மழை நாள். குழாய் லேசாகக் கீறியிருக்கிறது, புதுக் குழாய் வரும் வரைக்கும் ஒரு கட்டுப் போடு என்றார் அருணகிரி. அவள் மெழுகு நூலைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத தன் முடிச்சைப் போட்டாள். அவர் டார்ச் பிடித்துக்கொண்டு, "எஞ்சினே போனாலும் இது போகாது" என்றார். அது போகவில்லை. உள்ளே ரப்பர்தான் வருடம் வருடமாக வெடித்துக்கொண்டிருந்தது.

"நான் ஒருக்கா கேட்டேன்க்கா" என்றான் டென்சிங், அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லாத்தையும் பாத்துட்டீங்களே, அந்தக் கட்டப் பிரிச்சுப் பாத்தீங்களான்னு. 'அது என் சம்சாரம் கட்டுனது, சரியாத்தான் இருக்கும்'னாரு."

எஞ்சின் ஐந்து அடி அடித்தது. வெறுமை. ஐந்து அடி அடித்தது.

"வெட்டிரட்டுமாக்கா?"

"அவிங்க போட்டதுங்" என்று கூட்டத்தில் இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாகச் சொல்லின. "அவிங்கதான் அவுக்கோணும்."

தமயந்தி கேட்டாள், "சரியாச்சுன்னா நின்னுருமா தம்பி?"

"பெட்ரோல் இல்ல, பேட்டரி இல்ல. கோளாறு ஒண்ணுதான் இதை ஓட்டுதோ என்னவோ. எனக்குத் தெரியலக்கா."

ஷெட்டின் ஓரத்தில் குழந்தையை மார்போடு அணைத்து நின்ற பூங்கொடி அப்போதுதான் வாய் திறந்தாள். "வேண்டாமுங்க்கா. நாங்க வேற டாக்டரப் பாத்துக்கறோமுங். நீங்க அவுக்காதீங்."

தமயந்தி தணலைத் தள்ளி வைத்தாள். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்தாள். எண்ணெயும் சூடும் குடித்து நூல் கம்பி போல இறுகியிருந்தது. முடிச்சு எங்கே என்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுடைய நகம் நேராக அங்கே போயிற்று. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நூல் கறுப்பாக அவள் விரலில் சுருண்டு ஏறியது. கட்டு விலகியதும், சிரிக்கத் திறந்த வாய் போல வெடிப்பு தெரிந்தது. எஞ்சின் உதறியது, நான்கு அடித்தது, மூன்று அடித்தது. குழந்தை அழ ஆரம்பித்தது, அழுகை பாதியில் அடைத்தது, உதடு கறுத்தது. "டென்சிங்கு!" என்று கத்தினாள் தமயந்தி. அவன் பழைய குழாயை உருவி, தன் பையிலிருந்து எடுத்த புதுக் குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப்பை முடுக்கினான்.

அப்போது எங்கள் வீதி அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டது. ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை, எண்ணவே முடியாதபடி ஒன்றோடொன்று பிணைந்து, எங்கே முடிச்சு என்று விரலுக்குத் தட்டுப்படாத பாவு போல, ஒரே சத்தம். அருணகிரி வருடக்கணக்காகக் குனிந்து குனிந்து தேடியது அதைத்தான். அதைக் கேட்ட பிறகு, அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்காக அவரை யாராலும் குறை சொல்ல முடியவில்லை.

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டாள். காரைச் சுற்றி இடது பக்கம் போனாள், கதவைத் திறந்தாள், வெகுவாகக் குனிந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். வலப்பக்க இருக்கை காலியாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூட வருகிறவர்கள் பார்ப்பது போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுச் சுவர்தான் முன்னால் இருந்தது. வீதியைத் தாண்டி, சாலையில் ஏறி, வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் எஞ்சின் ஓடியது. பிறகு, வீடு வந்து சேர்ந்த வண்டி போல, மெதுவாக, தானாகவே நின்றது.

வீதியில் ஒரு தறியும் ஓடவில்லை. எல்லாரும் பூங்கொடியின் கையைப் பார்த்தார்கள். குழந்தை கண்ணை மூடியிருந்தது. பூங்கொடிக்குக் குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. செல்வராசு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தமயந்தி காரிலிருந்து இறங்கி வந்தாள். விரலில் சுருண்டிருந்த கறுப்பு நூலோடே குழந்தையின் முதுகைத் தாங்கி, நெஞ்சில் காதை வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

வீதி, பழகிப்போன இடத்தில், மூச்சை நிறுத்தியது.

"ஆறு" என்றாள் தமயந்தி. "ஏழு. எட்டு."

காதை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் வழிவதைத் துடைக்காமல் அவள் எண்ணிக்கொண்டே போனாள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.